நடக்காத சண்டையின் நாற்பத்தோராவது அமர்வு

தூணுக்கு அறுபத்தாறு வயதில் ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது. சம்மட்டியை நேரில் பார்க்க வேண்டும். சம்மட்டிக்கு ஞாபகம் முழுசாகக் கழன்றுபோவதற்குள் பார்க்க வேண்டும். தூண் வீட்டிலிருந்து சம்மட்டி இருக்கும் இடத்துக்குப் பஸ்ஸில் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தைக் கடக்க அவருக்குப் பதினாலு மாதம் பிடித்தது. பஸ் மேல் தப்பு எதுவும் இல்லை.

இருவரும் ஒரு காலத்தில் கனஎடைக் குத்துச்சண்டைக்காரர்கள். தூண், சம்மட்டி என்பதெல்லாம் குத்துச்சண்டை வாரியம் வைத்த பெயர்கள். பெற்றவர்கள் வைத்த பெயர்களை வீட்டு ஆட்களே மறந்துவிட்டார்கள். தூண் எவ்வளவு அடி விழுந்தாலும் நின்ற இடத்தில் நிற்பார். எதிராளி களைத்ததும் இடது கையால் ஒன்று வைப்பார், அவ்வளவுதான். சம்மட்டி களைக்கவே மாட்டார். ஆகவே இரண்டு பேரும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்பதுதான் முடிவெட்டும் கடையிலும் பஸ் வரிசையிலும் அன்றைக்குப் பேச்சு. ஒரு கல்யாணமே இதனால் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் சம்மட்டிக் கட்சி.

போட்டி மூன்று முறை அறிவிக்கப்பட்டது. மூன்று முறையும் சுவரொட்டியில் யார் பெயரை முதலில் போடுவது என்று வாரியத்தால் முடிவு செய்ய முடியவில்லை. அகரவரிசைப்படி போடலாம் என்றார் ஓர் உறுப்பினர். அது சம்மட்டிக்குச் சாதகம் என்று இன்னொருவர் எழுத்து மூலம் ஆட்சேபித்தார். கடைசியில் ‘தேதி பின்னர் அறிவிக்கப்படும்’ என்று ஒரு தாளை ஒட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது.

கையுறையைக் கழற்றிய பிறகுதான் இருவருக்கும் நட்பு ஏற்பட்டது. தூணுக்கு ஒரு மெத்தைக் கடையில் வேலை. வாடிக்கையாளர் வந்தால் மெத்தையில் படுத்துக் காட்ட வேண்டும். “இவரையே தாங்குது, உங்களைத் தாங்காதா?” என்பார் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்று காலையில் பூங்கா பெஞ்சில் தூணும் சம்மட்டியும் உட்கார்ந்து, மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று மத்தியானம்வரை சண்டை போடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் போட்டார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, ஒருவருக்கும் அலுக்கவுமில்லை.

அப்புறம் சம்மட்டியின் தலை மக்கர் பண்ணத் தொடங்கியது. வாங்கிய குத்தெல்லாம் உள்ளேயே உட்கார்ந்திருந்து இப்போது வேலையைக் காட்டியது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே போனார். தன் தெருவிலேயே நின்றுகொண்டு தன் தெருவுக்கு வழி கேட்டார். சம்மட்டிக்கு மனைவி இல்லை, ஒரே மகள். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வேலை பார்க்கிறவள். வேறு வழியில்லாமல் வாரியம் நடத்தும் முன்னாள் வீரர் ஓய்வு இல்லத்தில் அப்பாவைச் சேர்த்தாள்.

“அப்பா தினமும் உங்களைத்தான் கேக்குறார் பெரியப்பா. ஒருதடவை வந்து பாத்துட்டுப் போங்க,” என்று போன் செய்தாள்.

தூண் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். இல்லத்தின் வாசலில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு காவலாளி, முன்னால் ஒரு பெரிய நோட்டு.

“யாரைப் பாக்கணும்?”

“சம்மட்டியை.”

“நீங்க யாரு?”

“தூண்.”

காவலாளி நோட்டை மூடினார். எழுந்து நின்று ஒரு வணக்கம் வைத்தார். பிறகு உள்ளே விட முடியாது என்றார்.

விதி பதினேழு. அறிவிக்கப்பட்டு நடைபெறாத போட்டியின் இரு தரப்பினரும், போட்டிக்கு முன் வாரிய வளாகத்தில் சந்திக்கக் கூடாது. போட்டிக்கு முதல் நாளே வாசலில் அடித்துக்கொண்டு டிக்கெட் வாங்காதவர்களுக்கும் வேடிக்கை காட்டிவிடுகிறார்கள் என்பதால் எப்போதோ போட்ட விதி. பூங்கா வாரியத்துடையது இல்லை, அதனால் அங்கே இருபத்திரண்டு வருஷம் கேட்பாரில்லை. இல்லம் வாரியத்துடையது.

“போட்டிதான் நடக்கலையேப்பா,” என்றார் தூண்.

“அதான் ஐயா பிரச்சினை. நடந்திருந்தா விட்டிருப்பேன்.”

மறுநாள் கடையில் அரைநாள் சொல்லிவிட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். போட்டியை ரத்து செய்துவிடுங்கள் என்று தூண் கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது.

“ரத்து பண்ணணும்னா காரணம் எழுதணும். காரணம் எழுதினா, போஸ்டர்ல பேர் போடத் தெரியாம நிறுத்தினோம்னு எழுதணும். அது எப்படிங்க முடியும்? அதுக்குத்தான் ஒரு குழு போட்டிருக்கோம். போட்டி நடந்திருந்தா யார் ஜெயிச்சிருப்பாங்கன்னு அவங்க முடிவு பண்ணிட்டா, நடந்ததாவே வச்சுக்கிட்டு ஃபைலை மூடிடலாம்.”

“எப்ப முடிவு பண்ணுவாங்க?”

“முப்பத்தெட்டு அமர்வு முடிஞ்சிருக்கு. நாலு மாசத்துக்கு ஒண்ணு. நல்ல வேகத்துல போகுது.”

முப்பத்தொன்பதாவது அமர்வுக்குத் தூண் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அவருடைய மார்பில் ஓர் அட்டை குத்தினார்கள். ‘சாட்சி’ என்று போட்டிருக்கும் என்று நினைத்தார். ‘ஆய்வுப் பொருள்’ என்று போட்டிருந்தது.

முதலில் தொழில்நுட்ப வல்லுநர் பேசினார். அவர் ஒரு பல் மருத்துவர்.

“நான் ஒரு குத்துகூட விட்டதில்ல, வாங்கினதும் இல்ல. ஆனா குத்து போய் விழுற இடத்தை என்னை மாதிரி கிட்டத்துல பாத்தவங்க இந்த அறையில யாரும் கிடையாது. நாலாயிரம் வாய் பாத்திருக்கேன். சம்மட்டியோட தாடை எலும்பு அபாரமானது. தூணோட முன்பல் ரெண்டும் ஆறாவது ரவுண்டுல போயிருக்கும். பல்லு போனா மனசு விட்டுடும். ஆக, சம்மட்டி.”

தூண் மெதுவாகக் கையைத் தூக்கினார். “முன்பல் எனக்குப் பதினெட்டு வயசுலயே போயிடுச்சுங்க. பல்லு இல்லாமத்தான் எல்லாச் சண்டையும் போட்டேன்.”

குழுத் தலைவர் மணியைத் தட்டினார். “நாங்க பேசுறது முப்பத்தோரு வயசுத் தூணைப் பத்தி. அவர் பெரிய வீரர். நீங்க குறுக்க பேசி அவர் மரியாதையைக் கெடுக்காதீங்க.”

அடுத்து வந்த புள்ளிவிவரக்காரர் இருவருடைய எல்லாக் குத்துகளையும் கூட்டி, வகுத்து, பலகையில் படம் போட்டார். ஏழாவது ரவுண்டில் இருவரும் ஒரே விநாடியில் விழுந்து, இருவரும் ஒரே விநாடியில் ஜெயித்திருப்பார்கள் என்று வந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. யாரும் மறுக்காததால் முடிவு சந்தேகத்துக்குரியது என்று தள்ளிவைத்தார்கள்.

தலைவர் முடிவுரை ஆற்றினார். அவர் ஒருமுறைகூடக் கையுறை மாட்டாதவர் என்பதுதான் அவருடைய நடுநிலைக்குச் சான்று.

“போட்டி நடத்துவது பெரிய காரியமா? எந்த வாரியமும் நடத்தும். மணி அடித்தால் ஒரு மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். அதில் நமக்கு என்ன வேலை? நாம் ஒரு போட்டியை முப்பத்தைந்து வருஷமாக நடத்தாமல் காப்பாற்றியிருக்கிறோம். வீரர்கள் வருவார்கள், கிழடாவார்கள், போய்ச் சேருவார்கள். விவாதம் அப்படி இல்லை. அதற்கு வயதே ஆகாது.”

தூணும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார். தட்டாமல் இருந்தால் இல்லத்துக்குள் போக அனுமதிச் சீட்டு தாமதமாகுமோ என்று பயம்.

நாற்பதாவது அமர்வில், பேசிப் பேசி ஒன்றும் தெரியவில்லை, செய்தே பார்த்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள். தூணாக வாரிய அலுவலகத்தின் அனுப்புகைப் பிரிவு எழுத்தரை நியமித்தார்கள். முப்பது வயது, ஆறடிக்கு மேல் உயரம், பெட்டி தூக்கித் தூக்கி அகன்ற தோள். சம்மட்டியாக வரவுப் பிரிவு எழுத்தர். நாற்காலிகளை ஒதுக்கி, கம்பளத்தின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டார்கள். ஒவ்வொரு குத்தையும் மெதுவாகவும் மரியாதையாகவும், உறுப்பினர்கள் குறிப்பெடுக்க வசதியாகவும் விட வேண்டும் என்பது நிபந்தனை.

மூன்று ரவுண்டு அப்படியே போனது. மூன்றாவது முடிந்ததும் பிஸ்கட் கொடுத்தார்கள். நாலாவதில்தான் இரண்டு எழுத்தர்களுக்கும் நடுவே மின்விசிறி யார் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதில் இரண்டு வருஷப் பகை உண்டு என்பது தெரியவந்தது. வரவு எழுத்தர் நிஜமாகவே ஒன்று விட்டார். அனுப்புகை எழுத்தர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“ரத்தம் வருதுங்க,” என்றார் தூண்.

“யாருக்கு?” என்று கேட்டார் தலைவர். “தெளிவாச் சொல்லுங்க. எழுத்தருக்கா, தூணுக்கா?”

இதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. எழுத்தருக்கு என்றால் மருத்துவச் செலவு வாரியத்தின் தலையில். தூணுக்கு என்றால் அது ஆட்டத்தின் போக்கு. தூணுக்குத்தான் என்று தீர்மானித்தார்கள். ஆய்வின் பொருட்டு இனி அனுப்புகை எழுத்தரே தூண் என்றும் பதிவு செய்தார்கள். தூண் தன் கைக்குட்டையை எடுத்து அந்தத் தூணிடம் கொடுத்தார். “தலையை அண்ணாந்து பாக்காதப்பா. குனிஞ்சுக்க. மூக்கை அழுத்திப் பிடி. ஒண்ணும் ஆகாது.”

அந்த வாரம் சம்மட்டியின் மகள் மெத்தைக் கடைக்கே வந்தாள். தூண் ஒரு மெத்தையில் படுத்திருந்தார். பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஞாயித்துக்கிழமை போயிருந்தேன் பெரியப்பா. என்னை யாரும்மா நீன்னு கேட்டார். மகள்னு சொன்னேன். அப்படியான்னார், அவ்வளவுதான். ஆனா உங்களை மட்டும் இன்னும் கேக்குறார். அதுவும் எத்தனை நாளைக்குன்னு தெரியல.”

தூண் எழுந்து உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் மெத்தையில் படுக்கவில்லை. முதலாளியும் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தூண் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

“ஒரு வழி இருக்கு. சம்மட்டிதான் ஜெயிச்சிருப்பான்னு நானே எழுதிக் குடுத்துடுறேன். ஃபைலை மூடிடுவாங்க.”

அவள் ஊசியை நிறுத்தினாள். இந்த விஷயத்துக்காகப் பக்கத்து வீட்டோடு பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவள் அவள். அவருக்கு வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் அமையவில்லை. பெல்ட் கிடைக்கவில்லை, பேர் நிலைக்கவில்லை. அந்தச் சண்டை நடந்திருந்தால் நான்தான் என்கிற நினைப்பு ஒன்றுதான் அவரைக் காலையில் எழுப்பி, மெத்தைக் கடைக்கு நிமிர்ந்து நடக்க வைத்தது. அது அவளுக்கும் தெரியும்.

“நெஜமாவே அவர் ஜெயிச்சிருப்பாரா?”

“மாட்டான்.”

“அப்ப எழுதிக் குடுங்க,” என்றாள். “என்கிட்ட மட்டும் படிச்சுக் காட்டாதீங்க.”

நாற்பத்தோராவது அமர்வில் தூண் எழுந்து நின்று தாளைப் படித்தார். நான்கே வரி. சம்மட்டி எட்டாவது ரவுண்டில் என்னை வீழ்த்தியிருப்பார். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. இதை முழு மனதோடு சொல்கிறேன். என் நண்பரைப் பார்க்க அனுமதியுங்கள்.

படித்து முடித்துச் சுற்றிலும் பார்த்தார். பல் மருத்துவரின் முகம் சுண்டிப்போயிருந்தது. புள்ளிவிவரக்காரர் தன் படத்தைச் சுருட்ட ஆரம்பித்தார். நாற்பது அமர்வுகளின் குறிப்புகள் அடுக்கியிருந்த அலமாரியைச் செயலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் வாயைத் திறந்தார்.

“அவர்கிட்ட தோத்துடுறேன்னு நீங்களா முன்கூட்டியே ஒத்துக்குறீங்க.”

“ஆமாங்க.”

“அதுக்குப் பதிலா ஒண்ணு கேக்குறீங்க. அனுமதிச் சீட்டு.”

“ஆமாங்க.”

“இதுக்கு எங்க ஊழல் தடுப்பு விதியில ஒரு பேர் இருக்கு,” என்றார் தலைவர். “ஆதாயத்துக்காகப் போட்டியை விட்டுக்கொடுத்தல்.”

தூணுக்குப் புரியவில்லை. நடக்காத போட்டியை எப்படி விட்டுக்கொடுக்க முடியும் என்று கேட்டார். நடந்த போட்டியை விட்டுக்கொடுத்தவர்களாவது ஒரு ஆட்டத்தைத்தான் கெடுத்தார்கள், நீங்கள் முப்பத்தைந்து வருஷ விவாதத்தையே கெடுக்கப் பார்த்தீர்கள் என்று பதில் வந்தது. தலைவரின் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

“இந்த அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்காக வாழ்கிறோம். எங்களுக்கு வேறு வேலை தெரியாது. இதற்கு விடை சொல்ல நீங்கள் யார்?”

தீர்ப்பு அன்றே வந்தது. வாரிய வரலாற்றில் ஒரே நாளில் எடுத்த முடிவு அது ஒன்றுதான். அறுபத்தேழாவது வயதை எட்டிக்கொண்டிருந்த தூண் இரண்டு வருஷத்துக்குக் குத்துச்சண்டை போடக் கூடாது. தூண் என்ற பெயர் வாரியத்தின் சொத்து; அதை அவர் இனிப் பயன்படுத்தக் கூடாது. விவாதம் வழக்கம்போல் தொடரும்.

தூண் படியில் இறங்கினார். பின்னாலேயே செயலாளர் இறங்கி வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“மனசு விட்டுடாதீங்க. இப்ப நீங்க தூண் இல்ல. தூண் இல்லன்னா நீங்க ஒரு தரப்பு இல்ல. தரப்பு இல்லன்னா விதி பதினேழு உங்களைக் கட்டாது. பொதுமக்கள்னு எழுதிக் குடுங்க, நானே சீட்டு போட்டுத் தர்றேன். ஒரு நிபந்தனைதான். அவர்கிட்ட நீங்க யாருன்னு சொல்லக் கூடாது. நீங்க சொல்லலைன்னு பாத்துக்க எங்க ஆள் ஒருத்தர் கூட வருவார்.”

சீட்டு வருவதற்கு இன்னும் ஐந்து மாதம் ஆயிற்று.

கூட வந்தவர் அனுப்புகை எழுத்தர். மூக்கு இலேசாகக் கோணியிருந்தது, மற்றபடி தேறிவிட்டார். பஸ்ஸில் தூணுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். இல்லத்தின் இரண்டாவது மாடியில், அறை வாசலுக்கு வந்ததும் தயங்கி நின்றார்.

“ஐயா, ரெக்கார்டுபடி இப்ப நான்தான் தூண். விதி பதினேழு என்னைத்தான் கட்டும்னு நினைக்கிறேன். நீங்க போங்க. நான் வாசப்படியிலயே நிக்குறேன்.”

சிறிய அறை. கட்டில், தண்ணீர் ஜாடி, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் சம்மட்டி. சட்டைக்குள்ளே ஆள் பாதிதான் இருந்தார். கை மட்டும் பழைய கை. மடியில் பெரிதாக, தனியாகக் கிடந்தது. தூண் முன்னால் போய் நின்றார். பதினாலு மாதமாக என்னென்னவோ சொல்ல வைத்திருந்தார்.

சம்மட்டி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பார்வை அவர் மேல் கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றது. பிறகு அவரைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று. அங்கே ஆறடிக்கு மேல் ஒருவன், அகலமான தோளோடு, நிலையை அடைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

சம்மட்டியின் முகம் மலர்ந்தது. நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார்.

“வந்துட்டியாடா,” என்றார். “எத்தனை நாளாக் கேக்குறேன். இங்க வாடா, தூணு.”

எழுத்தர் வெலவெலத்துப்போய்த் தூணைப் பார்த்தார். “நான்தான்டா அது” என்ற சொல் தூணின் வாய்வரைக்கும் வந்தது. சம்மட்டியின் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் அவர் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அதைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. எழுத்தரிடம், உள்ளே போ என்று கண்ணைக் காட்டினார்.

எழுத்தர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சம்மட்டி அவருடைய கையைப் பிடித்து, விரல் கணுக்களைத் தடவிப் பார்த்தார். கோணல் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

“யார்டா அடிச்சா?”

“ஆபீஸ்லங்க,” என்றார் எழுத்தர்.

“என்னைத் தவிர எவன்கிட்டயும் வாங்காதன்னு சொன்னேன்ல?”

“சரிங்க.”

“சாப்பிடுறியா ஒழுங்கா?”

“சாப்பிடுறேன்.”

சம்மட்டிக்கு அப்போதுதான் அறையில் மூன்றாவது ஆள் நிற்பது ஞாபகம் வந்தது. “இந்தப் பெரியவர் யாரு? உன்கூட வந்தவரா?”

எழுத்தருக்குக் கண் கலங்கியிருந்தது. தூண்தான் சொன்னார்.

“மெத்தைக் கடையில வேலைங்க. சும்மா கூட வந்தேன்.”

“உக்காருங்க, உக்காருங்க. நிக்காதீங்க,” என்று சம்மட்டி தன் பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காட்டினார். தூண் உட்கார்ந்ததும் அவருடைய முழங்கையைப் பற்றி இழுத்து, காதோரமாகக் குனிந்தார். கட்டிலில் இருப்பவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

“இவனுக்கும் எனக்கும் ஒரு சண்டை பாக்கி இருக்கு. ஊரே கேக்குது, யார் ஜெயிப்பான்னு. நான் எல்லார்கிட்டயும் நான்தான்னு சொல்லி வச்சிருக்கேன். நெஜம் என்னன்னா, இவன்தான். எனக்கு முதல்லேர்ந்தே தெரியும்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“சொல்ல மாட்டேங்க,” என்றார் தூண்.